புதுப்பிப்பு: சின்ன வீட்டில் அவசரக் குடிநீர், இரண்டு திருத்தங்கள்

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் வீதம் 3 நாளுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும்படி முந்தைய இழையில் சொல்லியிருந்தோம். நாலு பேருக்கு 48 லிட்டர். அதில் மாற்றமில்லை.

மாற்ற வேண்டியது, அதை 20 லிட்டர் கேனில் பிடிக்கச் சொன்னதை. கரண்ட் இல்லாத இருட்டில் 20 கிலோவைத் தூக்கிச் சாய்ப்பது சிரமம்; டம்ளரை விட்டு மொண்டால் மொத்தமும் கெடும். 2 லிட்டர் குளிர்பான பாட்டில்கள் 24 போதும், கட்டிலுக்கடியில் அடங்கிவிடும். பால், ஜூஸ் பாட்டில்கள் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் பிசுக்கு தங்கும்.

அடுத்தது, ஆர்.ஓ. (வீட்டுச் சுத்திகரிப்புக் கருவி) தண்ணீரைப் பிடித்து வைக்கலாமா என்று பலரும் கேட்டது. அந்தக் கருவியின் கார்பன் ஃபில்டர் குளோரினை எடுத்துவிடுவதால், பிறகு நுழையும் கிருமியைத் தடுக்க எதுவும் மிஞ்சாது. சில வாரத்தில் பாட்டிலின் உட்சுவர் வழவழவென்று ஆவது இதனால்தான். ஆர்.ஓ. தண்ணீரை நிரப்பினால் லிட்டருக்கு 2 சொட்டு பிளீச் விடுங்கள். வாசனை சேர்க்காத, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் மட்டுமே; எலுமிச்சை மணம் போட்டது கூடவே கூடாது. 30 நிமிடம் கழித்து லேசான குளோரின் வாடை வர வேண்டும்.

பெட்ரோல், பெயின்ட், பூச்சிமருந்து பக்கத்தில் வைக்காதீர்கள், ஆவி பிளாஸ்டிக்கை ஊடுருவும். நிரப்பிய தேதியை மூடியில் எழுதுங்கள். அக்டோபரில் பிடித்ததை ஏப்ரலில் துணி துவைக்க எடுத்துக்கொண்டு, புதிதாக நிரப்புங்கள்.