மறு: மேக்னட்டாரின் (மிக வலிய காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்) ‘அவுட்பர்ஸ்ட்’டுக்குத் தமிழில் என்ன சொல்?

> ‘வெடிப்பு’ போதுமே, ஏற்கெனவே புழங்குகிறது.

புழங்குவதுதான் சிக்கல். ‘பர்ஸ்ட்’டுக்கும் இதே சொல்லைப் போடுகிறோம். பர்ஸ்ட் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் மின்னி மறைவது. அவுட்பர்ஸ்ட்டிலோ எக்ஸ் கதிர்ப் பொலிவு பத்து முதல் ஆயிரம் மடங்கு வரை எகிறும், அடங்க மாதக்கணக்கில் ஆகும். முதலாவது இரண்டாவதற்குள்ளேயே சரம் சரமாக வரும். எஸ்ஜிஆர் 1935+2154 என்ற மேக்னட்டார் சீறிய 2020 ஏப்ரல் 28 அன்று நைசர் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி சுமார் 20 நிமிடத்தில் 200-க்கும் மேற்பட்ட பர்ஸ்ட்களைப் பதிந்தது. ‘வெடிப்பின்போது 200 வெடிப்புகள்’ என்றா எழுதுவது?

‘கொந்தளிப்பு’ பாய்ம இயக்கவியலுக்குப் போய்விட்டது. என் பரிந்துரை ‘சீற்றம்’. மீனவர்களுக்கான எச்சரிக்கையில் ‘கடல் சீற்றம்’ என்பது ஓர் அலையை அல்ல, நாள்கணக்கில் நீடிக்கும் நிலையைக் குறிக்கிறது. வினையும் கூடவே கிடைக்கிறது: சீறும், தணியும். பொலிவு இறங்கும் வரைபடம் ‘தணிவு வளைவு’. ‘வெடிப்பு’ பர்ஸ்ட்டுக்கு மட்டும்.

(மேக்னட்டாரை ‘காந்தமீன்’ ஆக்க வேண்டாம், காசிமேட்டில் கிலோ என்ன விலை என்பார்கள்.)

---

சீற்றம் சரி. அடுத்தது எக்ஸ் கதிர்க் கருவிகளில் நேரும் ‘பைல்-அப்’.

> குவிப்பு?

எக்ஸ் கதிர் ஆடி செய்வதே குவிப்புதான், குழம்பும். நடப்பது வேறு. ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி (எக்ஸ்ஆர்டி) படமெடுக்கும் முறையில் ஒரு சட்டகத்துக்கு 2.5 நொடி. அதற்குள் ஒரே இடத்தில் 2 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள ஃபோட்டான்கள் இரண்டு விழுந்தால், 4 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டில் ஒன்று என்று எண்ணிவிடும். மெட்ரோ வாயிலில் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு ஒரே அட்டையில் நுழைகிற கதை. ஆள் கணக்கு குறையும், ஆற்றல் கணக்கு ஏறும். ஆகவே சீற்றத்தின் தொடக்கத்தில், பொலிவு உச்சத்தில் இருக்கும்போது, மூலம் (கதிர் வரும் விண்பொருள்) மங்கலாகவும் நிறமாலை வன்மையாகவும், அதாவது உயர் ஆற்றல் பக்கம் சாய்ந்ததாகவும், காட்டும். அதற்குக் கரும்பொருள் மாதிரியை (வெப்பத்தால் மட்டும் ஒளிரும் பொருளுக்கானது) பொருத்தினால் வெப்பநிலை பொய்யாக உயரும்.

எனவே ‘ஒட்டெண்ணல்’. ஒட்டு மாங்கன்றில் உள்ள அதே ஒட்டு.

கட்டுரையில் தீர்வையும் சேருங்கள். படத்தின் நடுவட்டத்தை வெட்டி, சுற்றியுள்ள வளையத்தை மட்டும் எடுத்து, வெட்டிய பங்குக்குத் திருத்தம் போட வேண்டும். இல்லையேல் 1.8 மில்லிநொடி நேரத் துல்லியம் தரும் நேர முறைக்கு மாற வேண்டும். எஸ்ஜிஆர் 1935+2154-இன் சுழற்சி 3.2 நொடி, 2.5 நொடிச் சட்டகத்தில் துடிப்பின் வடிவம் எப்படியும் தெரியாது.