ரயில்வே கேட்டில் வலது பக்கம் ஏறி நிற்பது சரியா?

செம்பருத்தி:
எங்கள் ஊர் கேட்டில் தினமும் காலையில் நடப்பது இது. கேட் மூடியதும் இடது பக்கம் வரிசை நிற்கும். கொஞ்ச நேரத்தில் பைக்குகள் வலது பக்கம் ஏறி முன்னால் போகும், பின்னாலேயே கார், ஷேர் ஆட்டோ. அந்தப் பக்கமும் இதே கதை. கேட் திறந்ததும் இரண்டு கூட்டமும் தண்டவாளத்தின் மேல் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நிற்கிறது. ரயில் கடக்க ஆகும் நேரத்தைவிட இந்தச் சிக்கல் அவிழத்தான் அதிக நேரம். பொறுமையாக இடது பக்கமே நின்றால் என்ன?

இரண்டாம் ஷிப்ட்:
அக்கா, கம்பெனி பஸ்ஸை விட்டால் எனக்கு அரை நாள் சம்பளம் போச்சு. ஒரு ரயில் போனதும் திறப்பார்கள் என்று பார்த்தால் எதிர்த் திசையில் இன்னொன்று வரும். மேம்பாலம் வரப்போகிறது என்று நான் பள்ளிக்கூடம் போகும்போதே சொன்னார்கள். எல்லோரும் பொறுத்துப் பொறுத்துத்தான் இன்னும் பாலம் வரவில்லை. வெயிலில் நிற்பவனிடம் பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்லாதீர்கள்.

செம்பருத்தி:
வலது பக்கம் ஏறினால் பஸ் கிடைத்துவிடுகிறதா தம்பி? எதிரில் வருபவரும் அதே கணக்குப் போட்டுத்தான் உங்கள் முன்னால் வந்து நிற்கிறார்.

சிக்னல்காரர்:
நான் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இன்டர்லாக் உள்ள கேட்டில், மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்கும். கொடுத்தபின் ரயில் கடக்கும்வரை சாதாரணமாகத் திறக்க முடியாது. 'ரயிலையே காணோம், கொஞ்சம் திறங்க' என்று கேட்கீப்பரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் பிரேக் போட்டு நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேண்டும், அதனால்தான் முன்கூட்டியே மூடுகிறார்கள். மூடும்போது ஒரு பைக் நடுவில் நுழைந்தால் பூட்ட முடியாது. சிக்னல் சிவப்பிலேயே இருக்கும், ரயில் வெளியே நிற்கும். கடைசியில் எல்லோரும் காத்திருக்கும் நேரம்தான் கூடுகிறது. மூடிய கேட்டை நாமாகத் திறந்தால் ரயில்வே சட்டம் 160-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, உடைத்தால் 5 ஆண்டு வரை.

இரண்டாம் ஷிப்ட்:
ஐயா, இன்டர்லாக் இல்லாத கேட்டைப் பற்றியும் சொல்லுங்கள். 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதிப் பிள்ளைகள் இறந்தார்களே, அங்கே இன்டர்லாக் கிடையாது. வேன் டிரைவர் கேட்டுக்கொண்டதால் வழி விட்டார்கள் என்பதுதான் முதலில் வந்த விளக்கம். கேட் திறந்தே கிடந்தது என்று வேனில் இருந்தவர்கள் சொன்னார்கள். பழி முதலில் ரோட்டில் போகிறவன் மேல்தான் விழுகிறது. அகல ரயில் பாதையில் (பிராட் கேஜ்) ஆளில்லா கேட்டுகளை 2019 ஜனவரிக்குள் ஒழித்துக் காட்டினார்களே, அந்த வேகம் இதில் ஏன் இல்லை?

சிக்னல்காரர்:
அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. அந்தக் கேள்வியை விடாமல் கேளுங்கள். கேட்டுக்கு முன்னால் நிற்கும் அந்த நேரத்தில் மட்டும் வரிசையில் நில்லுங்கள் என்கிறேன்.

மேலத்தெரு:
போன வருஷம் அப்பாவோடு ஆம்புலன்ஸில் இருந்தேன். கேட் திறந்துவிட்டது, ஆனால் எதிரே வலது பக்கம் முழுக்க வண்டிகள். சைரன் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாராலும் பின்னால் போகவும் முடியவில்லை. தம்பி, பாலம் வராத கோபம் நியாயம்தான். அன்றைக்கு அது எங்கள் மேல் விழுந்தது.

இரண்டாம் ஷிப்ட்:
அண்ணே, அப்பா இப்போது நலமா? ஆம்புலன்ஸ் விஷயத்தில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் வரிசையில் நிற்கச் சொல்கிற எல்லோரும் பாலத்துக்கு மனு கொடுக்கவும் வர வேண்டும்.

மேலத்தெரு:
நலமாக இருக்கிறார். மனுவுக்கு நான் வருகிறேன்.

செம்பருத்தி:
நானும்தான். பெரும்பாலும் தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதியை ரயில்வே கட்டும், இரு பக்கச் சாலையை மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டும். நடுவில் நில எடுப்பு நின்றுபோனால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார். அதனால் இரண்டு பேரிடமும் கேட்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதுவரை கேட்டின் இரு பக்கமும் கொஞ்ச தூரத்துக்குச் சாலை நடுவே தடுப்பு வைக்கச் சொல்லலாம், அதற்குப் பெரிய செலவு இல்லை.

இரண்டாம் ஷிப்ட்:
தடுப்பு வைத்தால் நானும் இடது பக்கம்தான் நிற்பேன். வைக்கும்வரை, நாலு பேர் என்னைத் தாண்டிப் போகும்போது நான் மட்டும் நிற்பேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது அக்கா. மனுவை எழுதி இங்கே போடுங்கள், எங்கள் ஷிப்டில் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.