திருமணப் படப்பிடிப்புக் கேமராக்களுக்கு எந்தக் காப்பீடு எடுப்பது?

காரைக்குடி படப்பிடிப்பாளர் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளாகச் செட்டிநாட்டு ஊர்களில் திருமணங்களுக்கும் மணிவிழாக்களுக்கும் படம் எடுத்து வருகிறேன். சென்ற மாதம் பள்ளத்தூரில் ஒரு வீட்டுத் திருமணம். திருப்பூட்டும், அதாவது தாலி கட்டும் நேரத்தில், வீட்டின் உள்முற்றமான வளவில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். யாருடைய காலோ ட்ரைபாடில் பட, கேமராவும் அதில் மாட்டியிருந்த 70-200 லென்ஸும் முற்றத்துக் கல் விளிம்பில் விழுந்துவிட்டன. லென்ஸின் மவுண்ட் வளையம் ஒரு பக்கம் வளைந்து, அதன் திருகுகளில் இரண்டு பிய்ந்து வந்துவிட்டன. வியூஃபைண்டருக்குக் கீழே மயிரிழை போல ஒரு விரிசல். பழுதுபார்க்க 48,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். நம்பி அழைத்த வீட்டாரிடம் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

என்னிடமுள்ள இரண்டு கேமராக்கள், ஐந்து லென்ஸ்கள், விளக்குகள், ஒரு ட்ரோன் ஆகியவற்றை இன்று புதிதாக வாங்கினால் ஆறு லட்சம் ரூபாய் ஆகும். வீட்டுக்கு எடுத்திருக்கும் காப்பீட்டிலேயே இவற்றையும் சேர்த்துவிடலாம் என்று ஒரு முகவர் சொல்கிறார். அது போதுமா?

ஓய்வுபெற்ற காப்பீட்டு அலுவலர், தேவகோட்டை:
போதாது, தம்பி. வீட்டுக் காப்பீடு என்பது வீட்டுப் புழக்கத்தில் இருக்கும் பொருள்களுக்கானது. கூலி வாங்கிக்கொண்டு படம் எடுக்கும் கேமரா தொழில் கருவி என்பதால், இழப்பு நேர்ந்தபின் அதை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்கும் முதல் கேள்வியிலேயே அந்தக் கோரிக்கை விழுந்துவிடும். நீங்கள் கேட்க வேண்டியது, விலக்கு என்று எழுதியவை தவிர மற்ற எதிர்பாராத சேதங்களை ஏற்கும் ஆல் ரிஸ்க் பாலிசி. அதையும் தொழில் பயன்பாட்டுக்கு என்று வெளிப்படையாக எழுதி வாங்க வேண்டும். மின்னணுச் சாதனப் பாலிசி என்று இன்னொன்று உண்டு. அது பெரும்பாலும் ஒரே முகவரியில் நிலையாக இருக்கும் கருவிகளுக்கானது, ஊர் ஊராக எடுத்துச் செல்லும் பொருளுக்குத் தனியாக விரிவாக்கம் வாங்கினால்தான் பயன்படும். நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியண்டல், நேஷனல் ஆகிய நான்கும் பொதுத்துறைப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள். முகவர் வாய்மொழியை நம்பாமல் கிளைக்கே நேரில் சென்று பாலிசியின் விதிமுறைகளை அச்சில் கேளுங்கள்.

காப்பீட்டுத் தொகையைக் குறைத்துக் காட்டினால் பிரீமியம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். பிரீமியம் குறைவது உண்மைதான், ஆனால் ஆறு லட்சம் மதிப்புள்ள பொருளை நான்கு லட்சத்துக்குக் காப்பீடு செய்தால் மூன்றில் இரண்டு பங்கைத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள் என்று நிறுவனம் கணக்கிடும். உங்கள் 48,000 ரூபாய்ச் செலவில் 32,000 ரூபாய்தான் ஏற்கப்படும். ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவும் அதிலிருந்து போகும். எனவே ஒவ்வொரு கேமராவையும் லென்ஸையும் தனித்தனியாக, வரிசை எண்ணோடும் மதிப்போடும் பட்டியலில் ஏற்றச் சொல்லுங்கள். "கேமரா மற்றும் உபகரணங்கள்" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள்.

குன்றக்குடி படப்பிடிப்பாளர்:
ஐயா சொன்னதோடு திருட்டைப் பற்றி நான் பட்டதையும் எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் பிள்ளையார்பட்டியில் கோயிலுக்கு அருகே காரை நிறுத்திவிட்டு, பின் இருக்கையில் பையை வைத்துப் போனோம். அரை மணி நேரத்தில் திரும்பினால் பை இல்லை. கண்ணாடி உடையவில்லை, பூட்டில் ஒரு கீறலும் இல்லை; கதவை ஓட்டுநர் பூட்டினாரா என்பதே உறுதியாகத் தெரியவில்லை. ஆளில்லாத வாகனத்திலிருந்து திருடு போனால், வாகனம் பூட்டியிருந்ததற்கும் அது உடைத்துத் திறக்கப்பட்டதற்கும் அடையாளம் இருக்க வேண்டும் என்று என் பாலிசியில் இருந்தது. கோரிக்கையை மறுத்துவிட்டார்கள். கூட்டத்தில் வைத்த பொருள் எப்படிப் போனதென்றே தெரியாமல் காணாமல் போனாலும் பல பாலிசிகள் தருவதில்லை. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் பட்டாலையில் பையைப் போட்டுவிடுவதில்லை. வீட்டாரிடம் சொல்லிப் பூட்டுள்ள ஓர் அறையைக் கேட்டு வாங்குகிறேன்.

காவல் நிலையத்தில் எனக்கு முதலில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் கொடுத்தார்கள். அதுவே போதும் என்றிருந்து இரண்டு வாரங்களை வீணாக்கினேன். நிறுவனம் கேட்பது முதல் தகவல் அறிக்கையை; பின்னர், பொருளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறைச் சான்றிதழையும் கேட்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் அறிக்கையைப் பதிவு செய்யலாம் என்பதால், வெளியூர்த் திருமணத்துக்குப் போகும் நம்மைப் போன்றவர்கள் அதை விடாமல் கேட்க வேண்டும். நிறுவனத்துக்கும் அன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கானாடுகாத்தான் ஒளிப்படக் கலைஞர்:
அண்ணன், ட்ரோனை அதே பட்டியலில் சேர்த்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். பறக்கும்போது நேரும் சேதத்தைச் சாதாரணக் கேமரா பாலிசிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. 2021 ட்ரோன் விதிகள் கேட்பது, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனுக்கான மூன்றாம் தரப்புக் காப்பீட்டை. ட்ரோன் யார் தலையிலாவது விழுந்தால் அவருக்கான இழப்பீடு அதில் கிடைக்கும். ஓட்டு வீட்டுக் கூரையில் மோதி நொறுங்கிய உங்கள் ட்ரோனுக்கு எதுவும் கிடைக்காது. மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த பையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தாலும் அது விபத்து ஆகாது, மெல்ல நேரும் கேடு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

காரைக்குடி படப்பிடிப்பாளர்:
மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவே வரிசை எண்களை எழுதத் தொடங்கினேன். பழையதாக வாங்கிய இரண்டு லென்ஸ்களுக்கு ரசீது இல்லை. புதிதாக வாங்கிய 24-70 லென்ஸின் ரசீதோ வெப்பக் காகிதத்தில் அச்சிட்டது, எழுத்தெல்லாம் மறைந்து வெறும் வெள்ளைத் தாளாக இருக்கிறது. என்ன செய்வது?

ஓய்வுபெற்ற காப்பீட்டு அலுவலர், தேவகோட்டை:
கடையில் வாங்கிய தேதியைச் சொன்னால் நகல் ரசீது எடுத்துத் தருவார்கள். அதை அன்றே ஒளிநகல் எடுத்து வையுங்கள். பழைய லென்ஸ்களுக்கு, விற்றவரிடம் வரிசை எண், தேதி, விலை குறித்த கடிதம் ஒன்று கையொப்பத்தோடு வாங்குங்கள். பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரத்தையும் அதனோடு இணைக்கலாம். பாலிசி எடுக்கும் முன்பே இவற்றைக் கிளையில் காட்டி, ஏற்கிறோம் என்று மின்னஞ்சலில் பதில் பெற்றுவிடுங்கள். பின்னால் நிறுவனம் நியாயமின்றி மறுத்தால், முதலில் அதன் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலும் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தனி உரிமையாளராகத் தொழில் செய்பவர்களின் புகாரையும் அங்கே ஏற்கிறார்கள்; கட்டணம் கிடையாது. பள்ளத்தூரில் நேர்ந்த சேதத்தைப் புதிய பாலிசியில் கேட்க இயலாது என்பதால், அந்த லென்ஸைப் பழுதுபார்த்து, பழுதுபார்த்த ரசீதோடுதான் பட்டியலில் ஏற்ற வேண்டும்.