பனிச்சாலைக்குச் சிறிய எஸ்யூவியா, பெரிய ஆஃப்ரோடரா?

கேள்வி: கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மொன்றியலிலிருந்து மொன்-திரெம்ப்ளானுக்குக் குளிர்காலம் முழுவதும் வேலைக்குச் சென்றுவர சிறிய எஸ்யூவியான சுபாரு கிராஸ்டிரெக் போதுமா, கரடுமுரடான பாதைக்கான பெரிய ஆஃப்ரோடரான டொயோட்டா ஃபோர்ரன்னர்தான் பாதுகாப்பா?

மறுமொழி: கிராஸ்டிரெக்கே போதும். அதன் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை செல்வதால், ஓரிடத்தில் உறைபனியும் அடுத்த வளைவில் வெறும் தாருமாக மாறிமாறி வரும் சாலையில் நீங்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஃபோர்ரன்னரின் பெரும்பாலான வகைகளிலோ காய்ந்த தாரில் நான்கு சக்கர இயக்கத்தை நிறுத்திவிட வேண்டும். கிராஸ்டிரெக்கின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியும் சுமார் 220 மி.மீ., இந்தச் சாலைக்கு அது போதும்.

மறுமொழி: நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்பத்தான் உதவும், பனிக்கட்டியில் நிறுத்துவது டயர். 7 பாகை செல்சியசுக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம் என்பதால், கிராஸ்டிரெக்கைத் தேர்ந்தால் மிச்சமாகும் பணத்தில் தரமானதாகவே வாங்குங்கள்.

மறுமொழி: பனி அகற்றப்படாத காட்டுப்பாதையில் தினமும் போக நேர்ந்தால் மட்டும் ஃபோர்ரன்னரை யோசிக்கலாம்.