போர்வெல் வண்டி இன்ஜின் ஆயில் ரிப்போர்ட்: சிலிக்கான் 34, மாற்றும் இடைவெளியை நீட்டலாமா?

வணக்கம். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்திருக்கிறோம். கம்ப்ரஸரை ஓட்டும் டீசல் இன்ஜினுக்கு 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறோம், அதை 500 வரை நீட்டலாமா என்று பார்க்கத்தான் பழைய ஆயிலை லேபுக்கு அனுப்பினோம். 250 மணியில் எடுத்த சாம்பிளில் இரும்பு (இன்ஜின் பாகங்கள் தேய்வதால் வருவது) 48 பிபிஎம் (பத்து லட்சத்தில் 48 பங்கு), அலுமினியம் 11, சிலிக்கான் 34. 100 டிகிரியில் விஸ்காசிட்டி (ஆயிலின் கெட்டித்தன்மை) 13.9, 15டபிள்யூ40 ஆயிலுக்கு அது சரி. டிபிஎன் (அமிலத்தை முறிக்க ஆயிலில் மிச்சமிருக்கும் திறன்) 10-லிருந்து 6.5 வரைதான் இறங்கியிருக்கிறது. சோடியம், பொட்டாசியம் ஏறவில்லை, அதனால் கூலன்ட் கலக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆக, ஆயிலில் இன்னும் சத்து இருக்கிறது, ஆனால் சிலிக்கான் உறுத்துகிறது. கேஸ்கட் பேஸ்ட்டில் இருந்தும் சிலிக்கான் வரும், ஆனால் இன்ஜினைச் சமீபத்தில் பிரிக்கவே இல்லை, கூடவே அலுமினியமும் ஏறியிருப்பதால் மண் தூசிதான் என்று நினைக்கிறேன். ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே இருக்கும் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலால் தடவினால், கிளாம்ப் பக்கம் மாவு மாதிரி ஒட்டுகிறது.

கிளாம்பைச் சரி செய்து, அடுத்த 250-லும் ஒரு சாம்பிள் பார்த்த பிறகுதான் நீட்ட வேண்டுமா? உங்கள் ரிக்குகளில் 100 மணிக்கு இரும்பு எவ்வளவு ஏறுகிறது? அப்புறம், சாம்பிளை டிரெய்ன் போல்ட்டில் பிடிப்பதா, டிப்ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சி எடுப்பதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.