ஜெர்மனியில இருந்து ஐடிஆர் (வருமான வரி ரிட்டர்ன்) போடணும்: இந்திய சிம் இல்ல, என்ஆர்ஓ வட்டியில பிடிச்ச பணம் திரும்ப வேணும்

ரைன்கரை எழுதியது (ஜூலை 2025)

எல்லாருக்கும் வணக்கம். 2023 ஜூன்ல வேலைக்காக ஜெர்மனி வந்தேன். இந்தியாவுல இப்ப சம்பளம் எதுவும் கிடையாது. திருச்சியில என் பேர்ல இருக்கிற வீட்டுக்கு மாசம் 18,000 வாடகை வருது. அதுபோக என்ஆர்ஓ கணக்குல (வெளிநாட்டுல இருக்கிற இந்தியர் இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கிற கணக்கு) ஒரு ஃபிக்சட் டெபாசிட் இருக்கு. 2024-25க்கு அதுக்கு 1,10,000 ரூபாய் வட்டி. அதுல 34,320 ரூபாயை டிடிஎஸ்னு (பணம் கொடுக்கும்போதே பிடிக்கிற வரி) வங்கி பிடிச்சிருச்சு. சென்னையில வேலை பார்த்தப்ப சேர்த்த பணம் அது, அம்மாவோட வைத்தியச் செலவுக்குன்னு ஒதுக்கி வச்சது. அதனால இந்தத் தொகையை விட்டுட்டுப் போக எனக்கு மனசில்ல.

ஊர்ல அப்பாதான் எல்லாத்தையும் பார்த்துக்கிறார். அவர் போய்க் கேட்ட ஆடிட்டர், "ஐடிஆர் 1 போட்டுடலாம் சார், பொண்ணுக்கு வர்ற ஆதார் ஓடிபியை மட்டும் வாங்கிக் கொடுங்க"ன்னு சொல்லியிருக்கார். ஆதார்ல இருக்கிற நம்பர் ரீசார்ஜ் பண்ணாம எப்பவோ கட் ஆகிடுச்சு. வங்கியில மட்டும் ஜெர்மன் நம்பரைப் பதிஞ்சு வச்சிருக்கேன்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். ஐடிஆர் 1 எனக்குப் பொருந்துமா? வருமானம் 3 லட்சத்துக்குள்ளதான் இருக்கு, ரிட்டர்ன் போடணுமா? ஆதார் ஓடிபி இல்லாம வெரிஃபை பண்ண முடியுமா? வாடகை அப்பாவோட கணக்குக்குத்தான் போகுது, அப்ப அது யாரோட வருமானம்?

கணக்கன் எழுதியது

வணக்கம்மா. நான் முன்னாடி ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்தவன், இப்ப சிங்கப்பூர்ல வேலை. எனக்கும் கூட இருக்கிற பசங்களுக்கும் வருஷா வருஷம் நான்தான் ரிட்டர்ன் போடுறேன்.

ஐடிஆர் 1 கூடவே கூடாது. அது உள்நாட்டுல குடியிருக்கிறவங்களுக்கான படிவம். வருமானம் எவ்வளவு சின்னதா இருந்தாலும் என்ஆர்ஐக்கு அது இல்ல. வியாபார வருமானம் எதுவும் இல்லாததால நீங்க போட வேண்டியது ஐடிஆர் 2. இதுல அப்பாகிட்ட கண்டிப்பா நில்லுங்க. படிவம் தப்பாப் போனா டிஃபெக்டிவ்னு நோட்டீஸ் வரும், ரீஃபண்டும் அங்கேயே நிக்கும்.

உங்க நிலை என்னன்னு நாள் கணக்குதான் தீர்மானிக்கும், பாஸ்போர்ட்டோ விசாவோ இல்ல. ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கும் இந்தியாவுல 182 நாளுக்குக் கீழ இருந்தா, வேலைக்காக வெளிநாடு போன இந்தியர் பெரும்பாலும் என்ஆர்ஐதான். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுறவங்களுக்கு 120 நாள்னு வேற கணக்கு இருக்கு, உங்களுக்கு அது வேண்டாம். ஐடிஆர் 2ல எத்தனை நாள் இந்தியாவுல இருந்தீங்கன்னு கேட்கும். அந்த வருஷத்துக்கும், அதுக்கு முந்தின நாலு வருஷத்துக்கும் கேட்கும். பாஸ்போர்ட்ல இருக்கிற இமிக்ரேஷன் முத்திரையைப் பார்த்து எழுதி வச்சுக்குங்க. எந்த நாட்டுல குடியிருக்கீங்க, அங்க உங்க வரி எண் என்னன்னும் கேட்கும். ஜெர்மனியில ஸ்டாயர் ஐடின்னு 11 இலக்கத்துல கொடுத்திருப்பாங்க, அதைப் போடுங்க.

இப்ப தொகைக்கு வருவோம். வாடகை வருஷத்துக்கு 2,16,000. வீட்டு வரி எவ்வளவு கட்டுறீங்கன்னு தெரியல, ஒரு 6,000னு வச்சுக்குவோம். மிச்சம் 2,10,000. அதுல 30 சதவீதம், அதாவது 63,000, பராமரிப்புக்குன்னு பில்லே கேட்காமக் கழிச்சுக்கலாம். புது வரி முறையிலயும் இந்தக் கழிவு உண்டு. வீட்டு வருமானம் 1,47,000, வட்டி 1,10,000, ஆக மொத்தம் 2,57,000. புது முறையில 2024-25 கணக்குக்கு 3 லட்சம் வரை வரி இல்ல. பிடிச்ச 34,320 முழுசா உங்களுக்கு வரணும்.

பழைய முறைன்னா வரம்பு 2,50,000. மிச்ச 7,000க்கு 5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 364 ரூபாய் வரி வரும். 87ஏ தள்ளுபடியில (குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு வரியைக் கழிக்கிற பிரிவு) அது போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, என்ஆர்ஐக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. புது முறையே படிவத்துல தானா இருக்கும், மாத்தாம விட்டுடுங்க.

வருமானம் 3 லட்சத்துக்குள்ள இருந்தாலும், டிடிஎஸ் 25,000 இல்ல அதுக்கு மேல பிடிச்சிருந்தா ரிட்டர்ன் போட்டே ஆகணும், உங்களுக்கு 34,320 பிடிச்சிருக்காங்க. ரிட்டர்ன் போடாம ரீஃபண்டும் வராது. இந்த வருஷம் 2025 செப்டம்பர் 15 வரைக்கும் நாள் நீட்டிச்சிருக்காங்க. அதுக்குள்ள முடிச்சுடுங்க.

வாடகை யார் கணக்குக்குப் போனாலும் வீடு யார் பேர்ல இருக்கோ அவங்க வருமானம்தான். அப்பா அவரோட ரிட்டர்ன்ல இதைக் காட்டக் கூடாது.

ஒண்ணு கேட்க மறந்தீங்க. மியூச்சுவல் ஃபண்டோ பங்கோ வித்திருக்கீங்களா? உள்நாட்டுல இருக்கிறவங்க, 3 லட்சத்துல பயன்படுத்தாத பாக்கியை அந்த லாபத்துக்கு எதிரா ஈடு பண்ணிக்கலாம். நமக்கு அந்த வசதி இல்ல. வித்திருந்தா கணக்கே மாறும், சொல்லுங்க.

அடுத்தது ஓடிபி. நம்ம ஆளுங்க நிறைய பேர் மாட்டுறது இங்கதான், அதனால விளக்கமாவே சொல்றேன். ஆதார் ஓடிபி பல வழியில ஒரு வழி, அவ்வளவுதான். வங்கியில ஜெர்மன் நம்பர் இருக்குன்னு சொன்னீங்களே, உங்களுக்கு அது போதும். நெட் பேங்கிங்ல நுழைஞ்சு, வரி சம்பந்தப்பட்ட பகுதியில இன்கம் டாக்ஸ் இ-ஃபைலிங்னு இருக்கிற இணைப்பைத் தட்டினா, வங்கியே உங்களை வருமான வரித் தளத்துக்குள்ள கொண்டுபோய் விடும். பாஸ்வேர்டு மறந்திருந்தாலும் இந்த வழியா உள்ள போயிடலாம். போனதும் முதல் வேலையா ப்ரொஃபைல்ல தொடர்பு எண்ணையும் மின்னஞ்சலையும் உங்களோடதா மாத்துங்க. அப்பா நம்பரோ ஆடிட்டர் நம்பரோ அதுல இருக்கவே கூடாது. நோட்டீஸ் வந்தா அவங்களுக்குத்தான் போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. குடியிருப்பு நிலையையும் அங்கேயே நான்-ரெசிடென்ட்னு மாத்திடுங்க.

அப்புறம் என்ஆர்ஓ கணக்கை வேலிடேட் பண்ணி, ரீஃபண்டுக்குன்னு இருக்கிற பொத்தானை ஆன் பண்ணுங்க. வங்கியில இருக்கிற பேரும் பான்ல இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும். நம்ம தமிழ்நாட்டு இனிஷியல்தான் இங்க பெரிய தலைவலி. பான்ல அப்பா பேர் முழுசா விரிஞ்சு இருக்கும், வங்கியில ஒத்தை எழுத்து இருக்கும். வேலிடேஷன் அதுலயே தட்டிப் போகும்.

ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள்ள வெரிஃபை பண்ணணும். எந்த வழியும் சரிப்படலைன்னா ஐடிஆர்-வியை (ரிட்டர்ன் போட்டதுக்கான ஒப்புகைத் தாள்) அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, பெங்களூரு 560500ல இருக்கிற சிபிசிங்கிற வரித்துறை மையத்துக்குத் தபால்ல அனுப்பலாம். ஆனா அங்க போய்ச் சேர்ற நாளைத்தான் கணக்குல எடுப்பாங்க. ஜெர்மனியில இருந்து அனுப்புறதா இருந்தா ஒரு வாரம்கூட தள்ளிப் போடாதீங்க.

பாலைவனத்தான் எழுதியது

சகோதரிக்கு வணக்கம். கணக்கன் தம்பி சொன்னவை எல்லாம் சரி. ஒன்றைச் சேர்க்கிறேன். ரிட்டர்ன் போடும் முன் உங்கள் பான் உயிரோடு இருக்கிறதா என்று தளத்தில் பாருங்கள். ஆதாரோடு இணைக்காத பான்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தன. ஆதார் இல்லாத என்ஆர்ஐகளுக்கு இணைப்புக் கட்டாயம் இல்லை என்று 2017லேயே விலக்கு கொடுத்திருந்தார்கள். ஆனால் நாம் என்ஆர்ஐ என்பது துறைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் ஷார்ஜாவில் பல காலமாக இருக்கிறேன், ஆதார் எடுக்கவே இல்லை. துறையின் பதிவில் ரெசிடென்ட் என்றே இருந்ததால் என் பானும் செயலிழந்தது. அந்த நிலையில் ரிட்டர்ன் போட முடியும், ஆனால் ரீஃபண்ட் வெளியே வராது.

என் பான் எந்த அதிகாரியின் வரம்பில் வருகிறது என்று தளத்திலேயே தேடி, அவருடைய மின்னஞ்சலுக்குக் கடிதமும் பாஸ்போர்ட் நகலும் ரெசிடென்ஸ் விசா நகலும் அனுப்பினேன். நினைவூட்டிக் கொண்டே இருந்தேன். செயல்பாட்டுக்கு வந்துவிட்டது. ஏஜென்ட் யாரும் தேவையில்லை. இதற்குப் பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

நவம்பர்மழை எழுதியது

அண்ணே, நடுவுல கேட்கிறேன், மன்னிக்கணும். நான் கனடா வந்தது 2024 நவம்பர்ல. நானும் என்ஆர்ஐன்னு போட்டுடலாமா? இங்க வாங்கின சம்பளத்தை இந்தியாவுல காட்டத் தேவையில்லதானே?

கணக்கன் எழுதியது

தம்பி, கொஞ்சம் பொறுங்க. ஏப்ரல் 1ல இருந்து செப்டம்பர் 30 வரைக்கும் எண்ணினாலே 183 நாள். அக்டோபர்லயோ அதுக்கப்புறமோ கிளம்பினவங்க அந்த வருஷத்துக்கு உள்நாட்டு ஆள்தான். 2024-25க்கு நீங்க ரெசிடென்ட். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் கனடாவுல வாங்கின சம்பளத்தையும் இந்திய ரிட்டர்ன்ல காட்டணும். அங்க கட்டின வரிக்கு இங்க வரவு உண்டு, அதுக்கு படிவம் 67 தனியாப் போடணும்.

அதைவிட முக்கியம், வெளிநாட்டுச் சொத்தைக் காட்டுற ஷெட்யூல் எஃப்ஏ. 2024 டிசம்பர் 31 வரையிலான காலண்டர் வருஷத்துல கனடாவுல வங்கிக் கணக்கு திறந்திருந்தா, அதுல பத்து டாலர் இருந்தாலும் எழுதுங்க. கறுப்புப் பணச் சட்டத்துல இதுக்கு 10 லட்சம் அபராதம் இருக்கு. 20 லட்சத்துக்குக் கீழ இருக்கிற வங்கி இருப்பு மாதிரியானதுக்கு 2024 அக்டோபர்ல இருந்து விலக்கு கொடுத்திருக்காங்கதான், இருந்தாலும் மறைக்கிறதுக்கு அது காரணம் ஆகாது. ஐடிஆர் 1 உங்களுக்கும் கிடையாது. இந்த ஒரு வருஷம் மட்டும் நல்ல ஆடிட்டரா பார்த்துக் காசு கொடுத்தே பண்ணுங்க. உங்க கேஸ் ரைன்கரையோட கேஸை விடக் கடினம்.

ரைன்கரை எழுதியது

கணக்கன் அண்ணே, ரொம்ப நன்றி. ஐயாவுக்கும் நன்றி, பான் ஆக்டிவ்னுதான் காட்டுது. பங்கு, ஃபண்டு எதுவும் விக்கல.

ரிட்டர்ன் போட்டாச்சு. மத்தவங்களுக்கு உதவும்னு சொல்றேன். ஏஐஎஸ் (வரித்துறைகிட்ட இருக்கிற நம்ம வருஷ வருமான விவரம்) பிடிஎஃப் திறக்க, பான் எண்ணைச் சின்ன எழுத்துல அடிச்சு, அதோட பிறந்த தேதியை நாள், மாசம், வருஷம்னு எட்டு இலக்கமா சேர்த்து அடிக்கணும். அதுல வட்டியும் 26ஏஎஸ்ங்கிற வரிப் பிடித்த அறிக்கையில டிடிஎஸ்ஸும் வங்கி சொன்ன தொகையோட ஒத்துப் போச்சு. வெரிஃபை பண்ற இடத்துல "பிறகு செய்கிறேன்"ங்கிறதைத் தேர்ந்தெடுத்துட்டு, நெட் பேங்கிங்ல வரிங்கிற பகுதிக்குள்ள போய், அங்க இருந்து தளத்துக்குள்ள நுழைஞ்சதும் வெரிஃபை ஆகிடுச்சு. ஓடிபி ஜெர்மன் நம்பருக்கே வந்துச்சு. இனிஷியல் பிரச்சினை எனக்கும் வந்துச்சு. அப்பா கிளைக்குப் போய் என் பான் நகலைக் கொடுத்துப் பேரை விரிச்சு எழுத வச்சார்.

இன்னும் ஒரு சந்தேகம். அடுத்த வருஷமும் வங்கி இப்படியே பிடிக்குமா? வாடகைக்கும் டிடிஎஸ் உண்டுன்னு ஒருத்தர் சொன்னார். குடியிருக்கிறவர் ஸ்கூல் டீச்சர், நல்ல மனுஷர். அவரை இதுல இழுத்து விடக் கூடாதுன்னு நினைக்கிறேன்.

கணக்கன் எழுதியது

நல்லதும்மா. அவர் நல்ல மனுஷர்ங்கிறதாலதான் அவருக்கு இதைச் சொல்லியே ஆகணும். என்ஆர்ஐக்கு வாடகை கொடுக்கிறவர் 31.2 சதவீதம் பிடிச்சுக் கட்டணும்னு 1961 வருமான வரிச் சட்டத்தோட 195வது பிரிவு சொல்லுது. உள்நாட்டு வாடகைக்கு இருக்கிற மாதிரி இவ்வளவுக்குக் கீழன்னா வேண்டாம்ங்கிற வரம்பு இதுல இல்ல. பிடிக்கலைன்னா வட்டியும் அபராதமும் அவர் தலையில விழும், உங்க தலையில இல்ல. அவர் டான் எண் (வரி பிடிக்கிறவங்களுக்கான எண்) வாங்கணும், பிடிச்ச தொகையை அடுத்த மாசம் 7ஆம் தேதிக்குள்ள கட்டணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை 27க்யூங்கிற டிடிஎஸ் அறிக்கை போடணும். ஒரு டீச்சர் தனியா இதைச் செய்யறது சிரமம். அவருக்கு ஆகுற செலவை நீங்க ஏத்துக்குங்க.

வரியே வராதவங்களுக்கு ஒரு வழி இருக்கு. அதே சட்டத்தோட 197வது பிரிவுல, பிடித்தம் வேண்டாம், இல்ல குறைச்சுப் பிடிச்சாப் போதும்னு சான்றிதழ் கேட்கலாம். வரித்துறையோட ட்ரேசஸ் தளத்துல படிவம் 13 போடணும். இந்த வருஷம் போட்ட ரிட்டர்னையும் அடுத்த வருஷத்துக்கான உத்தேசக் கணக்கையும் சேர்த்துக் கொடுக்கணும். வங்கிக்கும் டீச்சருக்கும் தனித்தனியா கேளுங்க. சான்றிதழ்ல அவர் டான் எண்ணைக் குறிக்கணும், அதனால அதை மட்டும் முதல்ல வாங்கிடச் சொல்லுங்க.

சான்றிதழ் வரத் தாமதமானா, வங்கி விஷயத்துல இன்னொரு வழியும் இருக்கு. இந்திய-ஜெர்மன் ஒப்பந்தப்படி வட்டிக்கு 10 சதவீதத்துக்கு மேல இங்க பிடிக்கக் கூடாது. உங்க ஊர் ஃபினான்ட்ஸ்ஆம்ட்ல (வரி அலுவலகம்) குடியிருப்புச் சான்று வாங்கி, வருமான வரித் தளத்துல படிவம் 10எஃப் போட்டு, ரெண்டையும் வங்கிக்கு அனுப்புங்க. அந்தச் சான்றை வருஷா வருஷம் புதுசா கொடுக்கணும். இந்த வட்டியை ஜெர்மனியிலயும் காட்டணும்ங்கிறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். என்ஆர்இ டெபாசிட் (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை இந்தியாவுல போட்டு வைக்கிறது) வச்சிருந்தா அதையும் சேர்த்துக் காட்டுங்க. இந்தியாவுல அதுக்கு வரி இல்ல, ஆனா அங்க அந்த விலக்கு கிடையாது.