லோக்தாக்: தரை தட்டாத திட்டுகள்

2023 கலவரத்துக்கு முன்பு மணிப்பூர் போயிருந்தபோது, மொய்ராங் பக்கமிருந்து படகில் லோக்தாக் ஏரிக்குள் சென்றேன். மட்கிய செடிகொடிகள், வேர்கள், மண் எல்லாம் பின்னி மிதக்கும் திட்டுகளை அங்கே பும்தி என்கிறார்கள். அதன் மேல்தான் மெய்தேய் மீனவர்களின் குடிசைகள். ஒன்றில் இறங்கினேன். கால் பட்ட இடம் அழுந்தியது, விரலிடுக்கில் தண்ணீர் ஏறியது, சற்றுத் தள்ளி ஊன்றியிருந்த மூங்கிலும் சேர்ந்து ஆடியது.

அந்த வீட்டு இமா (மூத்த பெண்களை அப்படித்தான் அழைக்கிறார்கள்) திட்டின் ஓரத்தை அரிவாளால் கீறிக் காட்டினார். மேலே பச்சைப் புல், அடியில் கறுத்து ஊறிய வேர்ச்சடை. முன்பெல்லாம் இதைவிடக் கனமாக இருக்கும் என்று அவர் சொன்னதைப் படகுக்காரர் இந்தியில் எடுத்துச் சொன்னார்.

பும்தியின் பெரும்பகுதி நீருக்குள்தான் இருக்கும். முன்பு வறண்ட மாதங்களில் நீர் இறங்கும்போது திட்டுகள் தரை தட்டும். வேர்கள் ஏரிப் படுகையிலிருந்து சத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழை வந்ததும் மறுபடி மிதக்கும். 1983இல் இதாய் தடுப்பணை வந்தது. மின் உற்பத்திக்காக ஆண்டு முழுவதும் நீர்மட்டத்தை உயர்த்தியே வைக்கிறார்கள். திட்டுகள் பட்டினி கிடந்து மெலிகின்றன.

தெற்கே கெய்புல் லாம்ஜாவ் தேசியப் பூங்காவில் சங்காய் மான்கள் மேய்வதும் இதே பும்தி மேல்தான். அற்றுப்போனதாகக் கருதப்பட்ட இனம் இது. 1975 கணக்கெடுப்பில் 14 மட்டுமே தென்பட்டன. 2016இல் 260 என்று கணக்கிட்டார்கள். எண்ணிக்கை கூடியது பெரிய மகிழ்ச்சி. ஆனால், மானின் எடையைத் தாங்கும் கனம் திட்டுக்கு இல்லாவிட்டால் அவை எங்கே நிற்கும்?

மணிப்பூரின் மாநில மீனான பெங்பாவின் கதை இன்னும் கொடுமை. மியான்மரின் சிந்த்வின் (Chindwin) ஆற்றுப்பக்கமிருந்து ஏறி வந்துகொண்டிருந்த மீனை அணை மறித்துவிட்டது. இப்போது பண்ணைக் குளங்களில்தான் வளர்க்கிறார்கள்.

இவ்வளவு நடந்த பிறகு ஏரியைக் கெடுப்பவர்கள் என்ற பழி மீனவர்கள் மேல் விழுந்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. 2006ஆம் ஆண்டின் லோக்தாக் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, 2011 நவம்பரில் நூற்றுக்கணக்கான மிதவைக் குடிசைகளை அதிகாரிகள் எரித்தார்கள். வலையும் பாத்திரமும் சேர்ந்தே போயின.

அங்கே போகிறவர்கள் செந்த்ரா குன்றிலிருந்து படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். படகில் உள்ளே போய் இந்த மக்களிடம் பேசுங்கள். நீர்மட்டம் எந்த மாதம் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள்.